பாலம்மாவின் மல்லித்தண்ணி

கொத்தமல்லியை வறுக்காமல் தண்ணீரில் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சட்டியை லேசாகச் சூடாக்கி, மல்லியைப் போட்டு, வாசம் மூக்கில் ஏறியதும் இறக்கிவிட வேண்டும். பிறகு அம்மியில் ஒரு தட்டு. மாவாக்கக் கூடாது. ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் சுக்கு, கடித்துக்கொள்ள கித்துள் கருப்பட்டி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை கிடையாது. பச்சையாகப் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, குடித்தும் சுகமில்லை என்று குறை சொல்வார்கள்.

நீங்கள் தமிழில் கேட்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது, மிஸ். காலையில் வந்த சார் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டார். யாராவது தட்டினால் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். நீங்கள் இப்படியே சாந்தமாக இருந்தால் எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிவிடுவேன். நிஷாந்தினிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, அதற்கு நான்தான் காரணம் என்று அவள் புருஷன் யோகராஜ் பொலிசுக்கு வந்து உங்களிடம் முறைப்பாடு கொடுத்திருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. கம்பளையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறவன். எப்போதாவது லீவு கிடைத்தால் வீட்டுக்கு வருகிறவனுக்கு வீட்டில் நடப்பது என்ன தெரியும்?

நான் கால் முன்னே வந்து பிறந்தவள். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, இதே தோட்டத்து லயத்தில்தான். என்னைப் பெறும்போது அம்மா செத்துப் பிழைத்தாள் என்பார்கள். அப்படிப் பிறந்தவர்களின் காலுக்கு இடுப்புப் பிடிப்பை எடுக்கும் ராசி உண்டு. நீங்கள் இந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் உங்கள் வீட்டிலும் யாராவது யாரிடமாவது மிதிபட்டிருப்பார்கள். ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, எண்ணெய் தடவி, வலது காலால் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்த வேண்டும். கடைசியில் குதிகாலால் ஒரு தள்ளு. முடிந்ததும் ஒரு கோப்பை மல்லித்தண்ணி கொடுப்பேன். கை நீட்டி ஒரு சதம் வாங்கியதில்லை. வெற்றிலையும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

மலையில் கொழுந்து பறிப்பது தூரத்திலிருந்து பார்க்க அழகுதான். சொன்ன நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர் போட்டுவிடுவார்கள், பாதிச் சம்பளம்தான். அதனால் இடுப்பு முறிந்தாலும் பெண்கள் மலைக்கு ஏறுவார்கள். இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, முதுகில் சாக்கைத் தொங்கவிட்டு, சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்து நிற்கிற உடம்பில் பொழுது சாயும்போது என்ன மிஞ்சும்? சாயங்காலம் நேரே என் வாசலுக்குத்தான் வருவார்கள். நானும் முன்பு அப்படிப் பறித்தவள்தான். பென்ஷன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சாயங்காலங்கள் இல்லாவிட்டால் என்னோடு பேச ஒரு நாதி கிடையாது.

நிஷாந்தினி நுவரெலியாப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பிள்ளை. எங்கள் லயத்தில் கடைசி வீடு, கடைசிக் காம்பரா, அவளுடையது. எனக்குச் சொந்தமில்லை. ஆனால் வந்த முதல் நாளே பெரியம்மா என்று கூப்பிட்டாள். அவள் வாய் அப்படி, தேன் மாதிரி. வீட்டில் என்ன சமைத்தாலும் ஒரு கிண்ணத்தில் எனக்கு வரும். புருஷன் பக்கத்தில் இல்லாத பிள்ளை, என்னிடம் ஒட்டிக்கொண்டது. நானும் ஒட்டிக்கொண்டேன். அந்தப் பிள்ளை மேல் நான் வைத்த பாசம் பொய் என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கு அழுகிப்போகும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வந்து படுத்தாள், மிதித்தேன். மறுநாளும் வந்தாள். அடுத்த நாளும் வந்தாள். என் காலுக்கு அப்படி அடங்காத இடுப்பு அதுவரை கிடையாது. எழுந்து நிற்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இப்ப பரவால்ல பெரியம்மா" என்பாள். எனக்காகச் சொல்கிறாள் என்று தெரிந்தது. அது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

பீலிக்கரையில் நாங்கள் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கலாராணி ஒரு பேச்சுப் பேசினாள். கலாராணி பக்கத்து லயத்துக்காரி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. நான் குடத்தோடு வருவதைப் பார்த்துவிட்டுத்தான் சத்தமாகச் சொன்னாள்.

"பாலம்மாக்கா காலுக்கும் வயசாயிருச்சு போல. தெல்தெனியவுல ஒரு ஆள் இருக்காராம், பத்து போட்டாருன்னா அன்னைக்கே எந்திரிச்சு நடக்குறாங்களாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நிஷாந்தினியும் அங்கே இருந்தாள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் யோசித்தாள். அவள் யோசித்ததைப் பார்த்தேன்.

எனக்கு முழங்கால் வாதம் உண்டு. அதற்கு தெல்தெனியவில் பாமசி வைத்திருக்கும் பளீல் நானாவிடம் வலிக்குப் போடுகிற நோக் குளிசை வாங்கி வைத்திருந்தேன். இரண்டு தடவை போட்டேன், வயிறு எரிந்தது, விட்டுவிட்டேன். மிச்சம் அலுமாரியில் கிடந்தது. அன்று மாலை நிஷாந்தினி வருவதற்கு முன் இரண்டு குளிசையை எடுத்துச் சுக்கோடு சேர்த்து அரைத்து அவள் கோப்பையில் கலந்தேன். மிதித்தேன். குடிக்கச் சொன்னேன். கசக்கிறது என்றாள். சுக்கு பழசு, கருப்பட்டியை நன்றாகக் கடித்துக்கொள் என்றேன்.

மறுநாள் விடியும்போதே என் கதவுக்கு முன்னால் நின்றாள். கண்ணில் தண்ணீர். "பெரியம்மா, நேத்துதான் நான் ஒழுங்கா தூங்குனேன். ஒங்க காலுல சாமி இருக்கு" என்று சொல்லிக் குனிந்து என் காலைத் தொட்டாள். மிஸ், உங்கள் காலை யாராவது தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்களா? அது எப்படி இருக்கும் என்று சொல்லிக் கொடுக்க முடியாது. அன்றைக்கே மலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கலாராணிகூட ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து குப்புறப் படுத்தாள். அவளை நன்றாகவே மிதித்தேன்.

அதற்குப் பிறகு கலக்காமல் கொடுப்பது சரிவராமல் போய்விட்டது. ஒருநாள் நன்றாக இருந்தது, மறுநாள் இல்லை என்றால் என்ன நினைப்பார்கள்? ஆளைப் பார்த்து, வலியைப் பார்த்துக் கலந்தேன். வலி என்று வந்து நிற்காத யாருக்கும் நான் கொடுத்ததில்லை. கூப்பிட்டுக் கொடுத்ததும் இல்லை. அவர்களாக வந்தார்கள். நிஷாந்தினிதான் தினமும் வந்தாள். இடுப்பு லேசானதும் முன்பைவிடக் கூடுதலாகப் பறித்தாள், முழுப்பேர் போட்டு அதற்கு மேலும் கொழுந்து கொடுத்தாள். அதிகம் பறித்ததால் இன்னும் வலித்தது. வலித்ததால் மறுபடி வந்தாள். கங்காணி வீரய்யாவே அவளைக் காட்டி மற்றப் பெண்களை ஏசுவாராம். எனக்குப் பெருமையாக இருந்தது.

பளீல் நானா நல்ல மனிதர். அவர் மேல் எந்தக் குறையும் எழுதாதீர்கள். நான் அடிக்கடி போய் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் குளிசையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"இது நாளாந்தம் போடுற மருந்தில்ல, பாலம்மா. கிட்னிய நாசமாக்கிப் போடும். வெயில்ல நிக்கிற, தண்ணி குடிக்காத ஆக்களுக்கு இன்னும் மோசம். இனி நான் தரமாட்டன். டொக்டர்ட்ட காட்டுங்க."

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் என் முழங்காலுக்குச் சொன்னார். நான் போடுவதில்லையே. அதனால் சரி நானா, இனி போடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மைதான். அதற்குப் பிறகு கண்டிக்கு பஸ் ஏறிப் போய், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கடையில் வாங்கினேன். வயசான பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டால் யாரும் அதிகம் விசாரிப்பதில்லை.

சித்திரை கழிந்ததும் நிஷாந்தினியின் முகம் காலையில் பூசினாற்போல இருக்கத் தொடங்கியது. எல்லோரும் விசேஷமா என்று கேட்டார்கள். இல்லை. பிறகு கால் வீங்கியது. செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்கும். மூத்திரம் சரியாகப் போவதில்லை, வாயெல்லாம் ஒரு மாதிரி கசக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று என்னிடம்தான் கேட்டாள். என்னைக் கேட்காமல் அவள் எதுவும் செய்ய மாட்டாள்.

கண்ணூறு என்றேன். இவ்வளவு கொழுந்து பறித்தால் நாலு பேர் கண் படாதா? உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை, பார், எவ்வளவு கண் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் இரத்தம் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எடுத்தால் என்ன தெரியவரும் என்று தெரியாது. பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் அவளை நிறுத்தி வைத்தேன். அதற்காக வேண்டுமானால் என்னைக் குற்றம் சொல்லுங்கள்.

ஒரு வெயில் நாளில் அவள் மலையிலேயே வாந்தி எடுத்து விழுந்தாள். யோகராஜ் கம்பளையிலிருந்து ஓடிவந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பெரிய வாட்டில் சேர்த்தான். நானும் கூடப் போனேன். வான் முழுக்க அவள் தலை என் மடியில்தான் இருந்தது.

வாட்டு டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயசு. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நிஷாந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உடம்பு நோவுக்கெண்டு குளிசை ஏதும் குடிச்சனீங்களோ? கடையில வாங்கி? பயப்பிடாமச் சொல்லுங்கோ."

"சத்தியமா இல்ல டொக்டர்."

"கசாயம், நாட்டு மருந்து?"

நிஷாந்தினி கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி மிஸ் முன்பு ஒருமுறை வந்து, இப்படி மிதிப்பதும் மருந்து கொடுப்பதும் தெரிந்தால் பொலிசில் சொல்லுவேன் என்று என்னை எல்லோர் முன்னிலையிலும் ஏசியிருந்தார். அன்று அழுதது நிஷாந்தினிதான். அதை நினைத்திருப்பாள். போர்வைக்குக் கீழே என் விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒண்ணுமே இல்ல டொக்டர். வீட்டுச் சாப்பாடுதான்."

என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று பொய் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம் என்கிறீர்கள். திறந்திருக்கலாம்தான். ஆனால் அவள் சொன்னதற்குப் பிறகு நான் வேறு சொன்னால் அந்தப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியதாகிவிடாதா?

டொக்டர் யோகராஜையும் என்னையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். கிட்னி இரண்டும் களைத்துப் போயிருக்கிறது. இப்படி ஆவது கூடுதலாக நோக் குளிசையால்தான், அவள் இல்லை என்கிறாள், என்னவோ தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் உள்ளே போவது நின்றுவிட்டால் கிட்னி மெல்லத் திரும்பி வரும். இந்த நிலையில் மறுபடி அப்படி ஏதாவது போனால் பிறகு திரும்பாது. அவர் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார். யோகராஜ் அழுதான். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

ஆகவே நான் வெறும் சோறும் கீரையும்தான் கொண்டுபோனேன். டொக்டர் சொன்னதுபோலவே நடந்தது. முகத்து வீக்கம் வற்றியது. மூத்திரம் போனது. மெஷினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்ய வேண்டி வராது போலிருக்கிறது என்று நர்ஸ் மஸாஹிரா யோகராஜிடம் சொன்னார். அவன் சந்தோஷத்தில் வாட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டு, லீவு முடிந்து கம்பளைக்குப் போனான். பார்க்கிற நேரத்துக்கு நான் மட்டும் போய்வந்தேன்.

அப்புறம் ஒரு நாள் பிளாஸ்கில் மல்லித்தண்ணி கொண்டுபோனேன். படுத்தே கிடந்தால் யாருக்கும் இடுப்பு வலிக்கும்தானே. மறுநாளும் கொண்டுபோனேன். அதற்கு மறுநாள் மஸாஹிரா பிளாஸ்கை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். நிஷாந்தினிக்கு மூத்திரம் நின்றுபோய், முகம் மறுபடி ஊதி, இரவோடிரவாக மெஷினுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிளாஸ்கின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சுக்குத் தூள் என்றேன். சுக்கு இப்படி வெள்ளையாக இருக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோனார். அதிகம் பேசாத பிள்ளை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

இப்போது சுகாதாரப் பகுதிக்காரர்கள் வந்து எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் இரத்தம் எடுக்கிறார்களாம். கலாராணியை இரண்டாம் தடவையும் வரச் சொல்லியிருக்கிறார்களாம். வீணாகப் பயப்படுத்துகிறார்கள். எல்லோரும் நிஷாந்தினி அளவுக்குக் குடிக்கவில்லை. சிலர் கொஞ்ச நாள்தான் வந்தார்கள்.

நிஷாந்தினி இன்னும் நம்பவில்லையாமே. டொக்டர் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகும், பெரியம்மா எனக்கு ஒரு கெடுதலும் செய்ய மாட்டாங்க, யாரோ மாட்டி விட்டிருக்காங்க என்று உங்களிடமே அழுதாளாம். கேட்டபோது எனக்கு என்னவோ செய்தது. வாரத்துக்கு இத்தனை முறை என்று அந்த மெஷினுக்குப் போய்க் கையில் ஊசி குத்திப் படுக்க வேண்டுமாம், இனி சாகும்வரை. முப்பதுகூட ஆகாத பிள்ளை. மலைக்குப் போக முடியாது. பிள்ளை பெறுவதும் கஷ்டம் என்றார்களாம். அவ்வளவுக்குப் பிறகும் என் பக்கம் பேசுகிறாள். அவளுக்குத் தெரியும் நான் வலியை எடுக்கத்தான் கொடுத்தேன் என்று.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். வாட்டில் அன்று அவளாகத்தான் மல்லித்தண்ணி கேட்டாளா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். முன்பும் கேட்டீர்கள், நான் வேறு ஏதோ சொல்லிக் கடந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் ஹவ்வா உம்மாவிடம் பேசிவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறீர்கள் என்று இப்போது தெரிகிறது. சரி.

பிளாஸ்க் கொண்டுபோனதற்கு முந்தின நாள், பார்க்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். நிஷாந்தினி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். ஹவ்வா உம்மாவிடம் கதைத்துக்கொண்டிருந்தாள். குரலில் பழைய சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த டொக்டரம்மாவுக்கு நல்ல கைராசி, உம்மா. எங்க பெரியம்மாவும்தான் தெனம் மிதிச்சாங்க. அந்நேரத்துக்கு நல்லா இருக்கும், திரும்ப வந்துரும். இவங்க கை வச்சதுலயிருந்து எனக்கு வலியே வரல. ஊருக்குப் போனதும் லயத்துல எல்லாரையும் இவங்கக்கிட்டதான் அனுப்பப் போறேன்."

ஹவ்வா உம்மா என்னைப் பார்த்துவிட்டார். அதனால்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். சீப்பை வாங்கி மிச்சத் தலையைச் சீவிப் பின்னிவிட்டேன். நிஷாந்தினி திரும்பி என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள். கெட்ட மனசோடு சொன்ன பேச்சு இல்லை அது, எனக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. என் வாசல் வெறிச்சென்று கிடக்கும். நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். அவர்கள் எல்லோரும் பஸ்ஸில் ஏறி அந்தச் சின்னப் பெண்ணிடம் போவார்கள்.

வீட்டுக்கு வந்து குளிசைகளை எடுத்தேன். வழக்கத்தை விடக் கூடுதலாக அரைத்தேன்.

மறுநாள் பிளாஸ்கைத் திறந்து கோப்பையில் ஊற்றியபோது, வேண்டாம் பெரியம்மா, வெளித்தண்ணி ஒன்றும் குடிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள். நான் குரலை உயர்த்தவில்லை. கோப்பையை நீட்டியபடியே நின்றேன்.

"ஏங் கையால குடுக்குறத வேணாங்கிறியா, மகளே?"

என் முகத்தைப் பார்த்தாள். என் மனசு நோகக் கூடாது என்று முழுவதையும் குடித்தாள். அன்று அவளுக்கு வலி ஒன்றும் இருக்கவில்லை, மிஸ்.